வறுத்த பயறும் வட்டில் உள்ள பாட்டும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். இங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு உறங்குவார்கள். விடிந்ததும் பயறு முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலித்தது என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான், அது முளைத்தால் அற்புதம்.

கணினிக்குள் அந்த அற்புதம் நடப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பலர் தங்களிடம் இருந்த சிடிகளை எல்லாம் எம்.பி.3 கோப்புகளாக மாற்றி வைத்தார்கள். இப்போது நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக் கேட்டால் ஏதோ குறைகிறது. உடனே ஒரு மென்பொருளைத் திறந்து, எம்.பி.3-ஐ 'ஃப்ளாக்' என்ற இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். கோப்பு பல மடங்கு பெருக்கிறது. ஒலி அப்படியேதான் இருக்கிறது. எம்.பி.3 வறுத்த பயறு. விதை வேண்டுமென்றால் சிடியிடம்தான் திரும்பப் போக வேண்டும்.

ஆனால் பழைய எம்.பி.3-ஐ அழித்துவிடவும் கூடாது. சிடியில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: நாம் உட்கார்ந்து தட்டச்சிட்ட பாட்டின் பெயர், பாடியவர், ராகம், ஆண்டு முதலிய விவரங்கள். ஒலியைச் சிடியிலிருந்தும் விவரத்தைப் பழைய கோப்பிலிருந்தும் எடுத்து ஒன்றுசேர்ப்பதுதான் சரியான வழி. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எம்.பி.3 எதை விட்டது?

சிடியில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். மனிதக் காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைத் துல்லியமாகத் திரும்பப் பெற, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது மாதிரியெடுப்புத் தேற்றம். 44,100 என்ற எண் அந்தத் தேவையைத் தாண்டி நிற்கிறது.

அன்று பரவலாக இருந்த எம்.பி.3 வேகம் நொடிக்கு 1,28,000 பிட், அதாவது சிடியில் உள்ளதில் பதினோரில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு எங்கே போனது? உரத்த ஒலிக்குப் பக்கத்தில், அதே நேரத்தில், அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் எழும் மெல்லிய ஒலியைக் காது கேட்பதில்லை. இதை மறைத்தல் விளைவு என்பார்கள். ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் இந்த விளைவைப் பயன்படுத்தி, காதுக்குத் தெரியாது என்று கணித்தவற்றை முரட்டு அளவில் குறித்தார்கள் அல்லது விட்டுவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். 2001-இல் வந்த முதல் ஐபாடின் கொள்ளளவு 5 ஜிகாபைட்டு. இழப்பற்ற வடிவில் அதில் ஏறக்குறையப் பதினைந்து சிடிகள்தான் அடங்கும், எம்.பி.3 ஆனதால் ஆயிரம் பாட்டு அடங்கியது.

குறை எங்கே தெரியும்? நம் இசையிலேயே இரண்டு இடங்களில் நன்றாகத் தெரியும். ஒன்று, தாள வாத்தியம். எம்.பி.3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அலசுகிறது. அமைதிக்கு நடுவே கடத்தில் சட்டென்று ஒரு தட்டு விழுந்தால், அந்தத் துண்டில் சேரும் கணக்குப் பிழை தட்டுக்கு முன்னால் உள்ள அமைதியிலும் பரவுகிறது. தட்டுக்கு முன்பே அதன் நிழல் கேட்கிறது. தவிலிலும் மிருதங்கத்திலும் சொல் மழுங்கித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொன்று, ராகம் தானம் பல்லவி. கச்சேரிச் சிடிகளில் இது மூன்று நான்கு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒலி இடைவெளியில்லாமல் ஓடும். எம்.பி.3 முறை ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும். அதனால் தானத்திலிருந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில் ஒரு விக்கல். சில மென்பொருள்கள் இதைப் பின்னாளில் சரிசெய்தன, எல்லாம் செய்யவில்லை.

சிடி பிழையை எப்படிச் சமாளிக்கிறது?

1982-இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த சிடி, 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் வட்டு. அதில் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் செல்லும் ஒற்றைத் தடம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் மட்டுமே. 780 நானோமீட்டர் லேசர் ஒளி அந்தத் தடத்தின் மேடு பள்ளங்களைப் படிக்கிறது.

இவ்வளவு நுண்ணிய எழுத்தின்மேல் ஒரு தூசு விழுந்தாலே ஆயிரக்கணக்கான பிட்டுகள் மறைந்துபோகும். இதைத் தாங்குவதற்கு, 1960-இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் வகுத்த பிழைதிருத்தக் கணிதம் சிடியில் பயன்படுகிறது. 24 பைட்டு ஒலிக்கு 8 பைட்டு சரிபார்ப்பு எண்கள் கூடவே எழுதப்படுகின்றன. அதோடு, அடுத்தடுத்த எண்கள் ஒரே இடத்தில் இல்லாமல் தடம் நெடுகக் கலைத்துப் போடப்படுகின்றன. அதனால் ஒரே இடத்தில் கீறல் விழுந்தாலும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு எண்களே தொலையும். அவற்றைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். தடத்தின் போக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் முழுமையாக மீட்க முடியும்.

சிடியைத் துடைக்கும் முறையும் இதிலிருந்தே புரியும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடி, மீட்க முடியாத அளவுக்கு எண்களை அழிக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் அது தடத்தைக் குறுக்காகத்தான் வெட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒளியைப் பிரதிபலிக்கும் உலோகப் படலம் படம் அச்சிட்ட மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைவிட மேற்பக்கக் கீறல்தான் ஆபத்து.

மீட்க முடியாத அளவு சேதம் என்றால் சிடி பிளேயர் என்ன செய்யும்? முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஓர் எண்ணை ஊகித்து நிரப்பிவிடும். கேட்பவருக்குத் தெரியாது. பாட்டுக் கேட்கும்போது இது உதவி. நிரந்தர நகல் எடுக்கும்போது இதுவே வஞ்சனை. கோப்புகளைத் தாங்கும் தரவுச் சிடியில் 2,352 பைட்டு கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட்டு மட்டுமே தரவு. மீதியில் பெரும்பங்கு கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. ஒலிச் சிடியிலோ 2,352 பைட்டும் ஒலியே. இரண்டாம் காவல் கிடையாது.

இதற்காகவே சிடியின் ஒலியைக் கோப்பாக எடுக்கும், அதாவது 'ரிப்' செய்யும், துல்லிய மென்பொருள்கள் தோன்றின. விண்டோஸில் ஆண்ட்ரே வீட்ஹாஃப் எழுதிய 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', லினக்ஸில் 'சிடிபாரனோயா' ஆகியவை வட்டின் ஒரே பகுதியைப் பலமுறை படித்து, விடை ஒத்துவருகிறதா என்று பார்க்கும். 'அக்யுரேட்ரிப்' என்ற தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உலகில் வேறு யாராவது அதே சிடியை ரிப் செய்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடும். வேறு வேறு டிரைவ்களில் எடுத்த இரு நகல்கள் பிட்டுக்குப் பிட்டு பொருந்தினால் அது சிடியில் உள்ளதேதான்.

ஆனால் சிறு நிறுவனங்கள் சில நூறு பிரதிகள் மட்டும் வெளியிட்ட கச்சேரிச் சிடியோ, பிரபந்த பாராயணச் சிடியோ அந்தத் தரவுத்தளத்தில் இல்லாமல் போகலாம். அப்போது நாமே இரண்டாம் சாட்சியைத் தேட வேண்டும்: வேறொரு டிரைவில் மறுபடி ரிப் செய்து ஒப்பிடலாம். டிரைவுக்கு டிரைவ் படிக்கத் தொடங்கும் இடம் சில மாதிரிகள் முன்பின்னாக இருக்கும். அந்த வித்தியாசத்தை மென்பொருளில் முன்பே அமைத்துவிட்டால் ஒப்பீடு சரியாக வரும்.

பெயரில்லாத வட்டு

ஒலியைப் பிட்டுக்குப் பிட்டு எடுத்தாயிற்று. பாட்டின் பெயர்? அது வட்டில் இல்லை. முதலில் வகுக்கப்பட்ட சிடி விதிகளில், எத்தனை தடங்கள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டுமே உண்டு. பெயரெழுத வழிசெய்த 'சிடி டெக்ஸ்ட்' 1996-இல்தான் வந்தது. பெரும்பாலான வட்டுகளில் அது எழுதப்படவும் இல்லை. கணினியில் சிடியைப் போட்டதும் பெயர்கள் வந்து நிற்கின்றனவே என்றால், அவை இணையத்திலிருந்து வருபவை.

ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் இந்தச் சிக்கலைப் பாடகர்களே தீர்த்தார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க், பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவுசெய்தார். மூலத்தட்டு அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போக வேண்டும். அங்குள்ளவர்களுக்கு இந்தியப் பெயர்களோ மொழியோ தெரியாது. அதனால் பாட்டு முடிந்ததும் பாடகி தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். அவருக்குப் பின் வந்த பலரும் அப்படியே செய்தார்கள்.

தமிழில் இது இன்னும் பழையது. ஆழ்வார்களின் பதிகங்கள் பலவற்றில் கடைசிப் பாசுரம், பாடியவர் யார், எந்த ஊர், எத்தனை பாட்டு என்று சொல்லிவிடும். திருப்புட்குழியைப் பாடிய திருமங்கையாழ்வாரும் தம் பெயரை இப்படிப் பதித்துவைத்தவர்தான். குடந்தை ஆராவமுதப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், அவற்றின் முடிவில் கவியின் பெயரையும் அவை ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பையும் கண்டு, மீதியைத் தேடிக் கவியின் ஊரான குருகூருக்குப் போனார் என்பது வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு. பத்துப் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குறிப்பு, ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் மீட்கக் காரணமாயிற்று.

சிடியில் அந்த வசதி இல்லாததால், 1993-இல் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் முதலியோர் தொடங்கிய சிடிடிபி என்ற தரவுத்தளம் ஒரு குறுக்குவழி கண்டது. தடங்களின் தொடக்க நேரங்களையும் மொத்த நீளத்தையும் வைத்து ஒரு சிறு அடையாள எண்ணைக் கணக்கிடும். அந்த எண்ணுக்கு யாராவது ஏற்கெனவே பெயர் எழுதியிருந்தால் அதைக் கொடுக்கும். எண் சிறியது என்பதால், சில நேரம் இரு வேறு வட்டுகளுக்கு ஒரே எண் அமைந்துவிடும். பக்திப் பாடல் சிடியைப் போட்டால் ஏதோ ஓர் ஐரோப்பியக் குழுவின் பெயர் வருவது இதனால்தான். பல்லாயிரம் பேர் இலவசமாக எழுதித் தந்த அந்தத் தரவு பின்னர் 'கிரேஸ்நோட்' என்ற வணிக நிறுவனத்தின் சொத்தாயிற்று. மாற்றாக எழுந்த 'ஃப்ரீடிபி' 2020-இல் மூடப்பட்டது. இன்று திறந்த நிலையில் நிலைத்திருப்பது 'ம்யூசிக்பிரைன்ஸ்'. இணையத்தில் இருக்கிறதே என்று நம்பி நம் குறிப்பை அழிக்கலாகாது என்பதற்கு இந்த வரலாறே சான்று.

முப்பது பைட்டில் அடங்காத ஊர்

எம்.பி.3-இல் முதலில் பெயர் முதலிய விவரங்களை, அதாவது 'டேக்' எழுத இடமே கிடையாது. 1996-இல் எரிக் கெம்ப் கோப்பின் கடைசியில் 128 பைட்டு கொண்ட ஒரு சீட்டை ஒட்டினார். அதுதான் ஐ.டி.3. பாட்டுக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு; உயிர்மெய்யில் மெய்யும் அதன் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'திருப்புட்குழி' என்ற பெயருக்கு 14 குறியீடுகள், 42 பைட்டு. முப்பதில் அடங்குவது 'திருப்புட்' மட்டுமே.

அக்காலத்தில் தமிழில் டேக் எழுதியவர்கள் டிஸ்கி, டாப், டாம் போன்ற எழுத்துரு முறைகளைப் பயன்படுத்தினார்கள். யூனிகோடு பரவிய பிறகு அவை திரையில் அர்த்தமில்லாத ஐரோப்பிய எழுத்துக்களாகத் தெரிகின்றன. பலர் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை, எண்கள் அப்படியே இருக்கின்றன, படிக்கும் முறைதான் மாறியிருக்கிறது. அந்த எழுத்துக்களை அப்படியே நகலெடுத்து அந்தந்த முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் இட்டால் தமிழ் திரும்பி வரும்.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்பதை ஒகரக் குறியை ஒரே குறியீடாக இட்டும் எழுதலாம்; முன் கொம்பு, பின் கால் என்று இரண்டாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலில் அவை வேறு வேறு. ஒரே பாடகரின் பெயர் பட்டியலில் இருமுறை வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். எழுத்துக்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பல டேக் கருவிகளில் இருக்கிறது.

ஃப்ளாக்கின் உள்ளே

இப்போது ஒலியும் பெயரும் சேர வேண்டிய இடம். ஜோஷ் கோல்சன் எழுதிய ஃப்ளாக் 2001-இல் வெளிவந்தது. 2024-இல் இணையத் தரநிர்ணயக் குழு அதை முறைப்படி ஆவணப்படுத்தியது. அதன் உத்தி எளிது. முந்தைய சில மாதிரிகளைப் பார்த்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று கணிக்கும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதும். வித்தியாசம் சிறிய எண் என்பதால் குறைந்த பிட்டே போதும். திரும்ப இசைக்கும்போது அதே கணிப்பைச் செய்து, வித்தியாசத்தைக் கூட்டினால் மூல எண் அப்படியே கிடைக்கும். எதுவும் தொலைவதில்லை.

சீராக ஒலிக்கும் தம்புராவின் நாதம் எளிதில் கணிக்கத்தக்கது. கோப்பு நன்றாகச் சுருங்கும். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் கணிப்பு தடுமாறும், அவ்வளவாகச் சுருங்காது. மோனோவாகப் பதிவான பழைய பாட்டை இரு பக்கமும் ஒன்றாகவே சிடியில் இட்டிருந்தால், இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் சுழியம். கோப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பொதுவாகச் சிடி அளவில் பாதிக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம்.

டேக்கைப் பொறுத்தவரை ஃப்ளாக்கில் மூன்று நன்மைகள். எழுத்துக்கள் எப்போதும் யூ.டி.எஃப்-8. நீளத்துக்கு முப்பது பைட்டு போன்ற வரம்பு இல்லை. விவரத்தை எழுதும் பெட்டிகளின் பெயரை நாமே வைக்கலாம்: ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று எத்தனை வேண்டுமானாலும். ஒரே பெட்டியை இருமுறை எழுதி இரு பாடகர்களையும் தனித்தனியே குறிக்கலாம். இதன் அருமை 'அலைபாயுதே' என்று தேடினால் தெரியும். அது ஊத்துக்காடு வேங்கட கவியின் கானடா ராகப் பாட்டு, 2000-இல் வந்த மணிரத்னம் படத்தின் பெயரும் அதுவே, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த அந்தப் படத்தில் அந்தப் பாட்டும் உண்டு. பாட்டு, தொகுப்பு, இயற்றியவர், இசையமைப்பாளர் என்று பெட்டிகளைப் பிரித்து எழுதினால்தான் தேடியது கிடைக்கும்.

ஃப்ளாக் கோப்பில் மூல ஒலியின் எம்.டி.5 கைரேகை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அது ஒலியிலிருந்து மட்டும் கணக்கிடப்படுவது. டேக்கை நூறு முறை திருத்தினாலும் அந்த எண் மாறாது. பத்து ஆண்டுகள் கழித்துக் கோப்பைச் சோதித்து, ஒலி கெட்டிருக்கிறதா என்று அறியலாம்.

டேக்கை மாற்றும் முறை

முதலில் பழைய எம்.பி.3 கோப்புகளை அப்படியே வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஒரு சிடிக்கு ஒரு கோப்புறை என்று புதிதாக ரிப் செய்யுங்கள். மென்பொருள் தரும் பதிவறிக்கையையும் அதே கோப்புறையில் சேமியுங்கள். தட எண்ணும் நீளமும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள், எம்.பி.3 ஒரு நொடிக்கும் குறைவாக நீண்டிருப்பது இயல்பு. 'எம்.பி.3 டேக்', 'கிட்3' போன்ற இலவசக் கருவிகளில், பழைய கோப்புகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து டேக்கை நகலெடுத்து, புதிய கோப்புகளில் ஒட்டலாம்.

எல்லாவற்றையும் ஒட்டக் கூடாது. ஒலி அளவைச் சமன்செய்யும் 'ரீப்ளேகெயின்' எண், குறியாக்கிய மென்பொருளின் பெயர், நீளம் ஆகியவை பழைய கோப்புக்கு மட்டுமே உரியவை. இவற்றை விட்டுவிட்டு, ரீப்ளேகெயினைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

எம்.பி.3-கள் வரிசை கலைந்து கிடந்தால் 'அகூஸ்டிஐடி' கைகொடுக்கும். அது பாட்டின் தொடக்கப் பகுதியில் பன்னிரண்டு சுரத்தானங்களில் எது எப்போது ஓங்கி ஒலிக்கிறது என்று பார்த்து ஒரு கைரேகை எடுக்கிறது. எம்.பி.3 ஆனாலும் ஃப்ளாக் ஆனாலும் கைரேகை ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஜோடி சேர்த்துவிடலாம். ம்யூசிக்பிரைன்ஸின் 'பிகார்ட்' மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது.

எதை முதலில்?

கடையில் வாங்கிய சிடி, பாலிகார்பனேட்டில் பள்ளங்களை அச்சிட்டு, அதன்மேல் அலுமினியப் படலம் பூசி உருவாக்கப்பட்டது. நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் 'எழுதிய' சிடி-ஆர் அப்படிப்பட்டதல்ல. அதில் தரவைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கும். நம் வீடுகளில் கல்யாண நாதஸ்வரம், கோயில் உற்சவ கோஷ்டி, தாத்தாவின் குரல் எல்லாம் பெரும்பாலும் சிடி-ஆரில்தான் இருக்கின்றன. சினிமாப் பாட்டை இன்னொருவரிடமிருந்தோ கடையிலிருந்தோ மறுபடி பெறலாம். இந்த வீட்டுப் பதிவுகளுக்கு அக்யுரேட்ரிப்பும் கிடையாது, ம்யூசிக்பிரைன்ஸும் கிடையாது. பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.

எடுத்த நகல் மூன்றாக இருக்கட்டும். அதில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். வாங்கிய சிடிகளின் நகல் உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். அதை இணையத்தில் ஏற்றுவது பதிப்புரிமையை மீறுவதாகும். புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவ் வருவதில்லை, தனியாக யூ.எஸ்.பி. டிரைவ் கிடைக்கும்போதே ஒன்று வாங்கிவையுங்கள். அலமாரியைத் திறந்து, வேறெங்கும் நகல் இல்லாத, கையால் பெயர் எழுதிய வட்டு எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள்.